பரணில் கிடக்கும் கேசட்டிலிருந்து வீட்டுக் குரல்களை மீட்பது எப்படி

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய கேசட்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தால், இந்த வாரமே அதைக் கீழே இறக்குங்கள். சினிமாப் பாட்டுக்காகச் சொல்லவில்லை, இளையராஜா பாட்டெல்லாம் இன்று ஃபோனில் தட்டினால் வந்துவிடுகிறது. நான் சொல்வது, வீட்டில் யாரோ சிவப்புப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்திப் பதிந்த கேசட்டுகளை. சவூதியிலிருந்து அப்பா பேசி அனுப்பியது, பாட்டி பாடிய தாலாட்டு, காதுகுத்து அன்று கூடத்தில் சும்மா ஓடவிட்டது, ரேடியோவில் பாட்டு பிடிக்கும்போது நடுவில் "அதை ஏன்டா தொடுறே" என்று அம்மா அதட்டியது. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது முக்கியமாகப் பேச்சைப் பதிவதற்குத்தான் அதை நினைத்திருந்தது. பாட்டுக்கு அது வந்தது பிறகு. நம் ஊர்களில் 1970களின் கடைசியிலும் 80களிலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட்டோடு ஊர் திரும்பினார்கள், அதன்பின் பல வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட் போக ஆரம்பித்தது. அப்போது டிரங்க் கால் போட்டுக் காத்திருக்க வேண்டும், எஸ்டிடி பூத் வந்த பிறகும் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும், ஆனால் ஒரு சி-60 கேசட்டில் ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசி ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பலாம், எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாகூட மகனுக்கு நேராகப் பதில் சொல்லலாம். 1983-க்குப் பிறகு சிதறிய ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கதைதான். இன்று எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, பழைய பதிவைக் கேட்கத்தான் எந்த வீட்டிலும் கருவி இல்லை. சோனி 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பதையே நிறுத்திவிட்டது. டேப் இன்னும் உயிரோடு இருக்கலாம், அதை ஓட்டும் மெஷின்தான் நாளுக்கு நாள் அரிதாகிக்கொண்டு வருகிறது. அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கேசட் முதலில்

எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பிரியுங்கள். லேபிள் இல்லாதவை, கையெழுத்தில் ஏதாவது எழுதியவை எல்லாம் முதல் குவியல். டிடிகே, சோனி, மெல்ட்ராக் மாதிரி காலி கேசட்டுகளில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வாங்கியவை இரண்டாவது குவியல், ஆனால் இவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம், பாட்டு முடிந்து சைடு கடைசியில் ஐந்து நிமிஷம் டேப் மிச்சம் இருந்தால் அதில் குழந்தையைப் பேச வைத்துப் பதிந்திருப்பார்கள்.

கடையில் வாங்கிய சினிமாக் கேசட், பக்திக் கேசட்டிலும் ஒன்றைப் பாருங்கள். டேப் தெரியும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்தால் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னக் குழி இருக்கும். கம்பெனிக் கேசட்டில் அந்தக் குழி திறந்தே இருக்கும், அப்படி இருந்தால் மெஷின் அதில் பதியாது. அந்தக் குழியில் பேப்பரைத் திணித்தோ மேலே பிளாஸ்திரி ஒட்டியோ இருந்தால் யாரோ அதன்மேல் வேண்டுமென்றே பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கேசட் நேராக முதல் குவியலுக்குப் போக வேண்டும். வெளியே ஐயப்பன் படம் இருந்தாலும் உள்ளே உங்கள் தாத்தா இருக்கலாம்.

இன்னொரு வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். வீட்டில் பதிந்த கேசட்டுகளில் அந்த மூலைகளில் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள், குழியை அடைத்திருந்த பேப்பரையும் பிளாஸ்திரியையும் எடுத்துவிடுங்கள். சைடு ஏ உங்களைப் பார்த்திருக்கும்போது மேலே இடது மூலையில் இருப்பது சைடு ஏ-வுக்கு உரியது, திருப்பினால் அதே மாதிரி சைடு பி-க்கு. இனி யார் கை தவறிச் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது.

மெஷினில் போடுவதற்கு முன்

கேசட்டின் ஜன்னல் வழியே டேப் சுற்றை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்களில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் இது சகஜம். பூஞ்சை பிடித்ததை நல்ல மெஷினில் போடவே கூடாது, டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் டேப்பை இழுக்கும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். தனியாக ஒரு மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைத்து நன்றாக உலர விடுங்கள், வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், டேப் நெளிந்துவிடும். உலர்ந்த பிறகும் அந்தப் பொடியைத் துடைத்து எடுப்பது பழக்கம் உள்ள கைக்கான வேலை, விலைமதிப்பில்லாத பதிவு என்று தெரிந்தால் ஆள் பார்த்துக் கொடுப்பதே நல்லது.

பூஞ்சை இல்லையா, சரி. அடுத்து டேப் தொங்கிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பல்சக்கரத்துக்குள் ஒரு நடராஜ் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். பிறகு கேசட்டின் வாயில், நட்ட நடுவில், டேப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தகட்டின் மேல் கம்பளித் துணி மாதிரி ஒரு திண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது உதிர்ந்துபோயிருக்கும், அப்படி இருந்தால் ஓட்டினாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி மங்கலாகத்தான் வரும். இதற்கு வழி, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றுவது. ஐந்து திருகு வைத்த கேசட்டாக இருந்தால் சுலபம்: மேஜையில் படுக்க வைத்தபடியே திருகுகளைக் கழற்றி, மேல் மூடியைத் தூக்கி, டேப் எந்த வழியாக எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று முதலில் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு சுற்றையும் சேர்த்து அப்படியே தூக்கி, ஏதாவது வேண்டாத பாட்டுக் கேசட்டின் நல்ல கூட்டில் வைத்து மூட வேண்டும். திருகு இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால் விளிம்பில் கத்தி நுனியை வைத்து நெம்பித்தான் திறக்க முடியும், கூடு உடைந்தாலும் பரவாயில்லை, டேப்பில் கத்தி படக் கூடாது.

டேப் அறுந்திருந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளாக ஆக வெளியே கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்ட வைத்துவிடும், ஹெட்டிலும் அப்பும். இதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் என்று ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. ஹெட்டைப் பார்க்கும் வெளிப்பக்கத்தில் ஒட்டாமல் உள்பக்கத்தில் ஒட்டுங்கள், ஓரத்தில் மிச்சம் நீட்டிக்கொண்டு இருந்தால் பிளேடால் சீவிவிடுங்கள்.

எதில் ஓட்டுவது

யூஎஸ்பி வயரோடு 'கேசட் டு எம்பி3' என்று சின்னதாக ஒரு பெட்டி ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். வாங்க வேண்டாம் என்பேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் மோட்டார் ஒரே சீராக ஓடாது, குரல் நடுங்கும், அதற்குமேல் ஒரு இரைச்சலையும் சேர்த்துப் பதிந்து கொடுக்கும். சொந்தக்காரர் வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய டெக் அல்லது நல்ல கம்பெனி வாக்மேன் எவ்வளவோ மேல். ஓடவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது உருகித் தார் போல ஆகியிருக்கும், மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், சக்கரம் மட்டும் நகராது. பெல்ட் மாற்றுவது பெரிய செலவு இல்லை. சென்னையில் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம், மற்ற ஊர்களில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் சர்வீஸ் செய்த ரேடியோ மெக்கானிக் இன்னும் டிவி ரிமோட் பழுது பார்த்துக்கொண்டாவது எங்கேயாவது இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள். பெல்ட்டின் பெயர் தெரியாவிட்டாலும் சத்தத்தைக் கேட்டே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

மெஷின் வந்ததும் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், அதில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட், பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டு, அதை ஒட்டி அழுத்தும் கறுப்பு ரப்பர் ரோலர் மூன்றையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாகத் துரு மாதிரி வரும், அது பழைய டேப்புகளிலிருந்து உதிர்ந்த காந்தப் பூச்சு. பஞ்சு வெள்ளையாக வரும் வரைக்கும் துடைத்துக் காய விடுங்கள், ஒவ்வொரு கேசட் முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்யுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் தொடவே கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு ஒரு பக்கம் முழுக்க ஓட விடுங்கள். மெஷின் டேப்பைத் தின்னும் ரகமா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் அப்பாவின் கேசட். அதையும் போட்டவுடன் பிளே அழுத்தாமல், ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்டு செய்து திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள், பல வருஷம் சுற்றிய நிலையிலேயே கிடந்து ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரிந்து கொடுக்கும். இழுத்து இழுத்து ஓடினால் உடனே நிறுத்திப் பென்சிலால் கையால் சுற்றுங்கள்.

ஹெட்டின் சாய்வு: யாரும் சொல்லித் தராத வேலை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வீட்டில் பதிந்த கேசட்டைப் போட்டால் குரல் மங்கலாக, அமுங்கி வருகிறது, உடனே "டேப் போச்சு" என்று முடிவு கட்டி எடுத்து வைத்துவிடுகிறார்கள். பல சமயம் டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பதிந்த மெஷினின் ஹெட் டேப்புக்குக் குறுக்கே ஒரு கோணத்தில் நின்றிருக்கும், உங்கள் மெஷினின் ஹெட் வேறு கோணத்தில் நிற்கிறது, மயிரிழை அளவு வித்தியாசம்தான், ஆனால் அதிலேயே ச, ஸ, ஷ மாதிரி கூர்மையான ஒலிகள் எல்லாம் காணாமல் போய்விடும். பேச்சு புரிவதே அந்த ஒலிகளால்தான்.

ஹெட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு இருக்கும். ஒன்று நிலையாக முடுக்கியது, இன்னொன்றின் அடியில் சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. சில மெஷின்களில் கேசட் மூடியைக் கழற்றினால் கை எட்டும், சிலவற்றில் இதற்கென்றே ஒரு துளை விட்டிருப்பார்கள். காந்தம் ஏறாத சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள், குரலை ஓட விட்டு ஹெட்ஃபோனில் கேட்டபடியே அந்தத் திருகைக் கால் சுற்றுக்குள்ளேயே மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். ஒரு இடத்தில் குரல் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும், அதுவரை உளறல் மாதிரி இருந்தது "சாப்பிட்டியா, சளி சரியாச்சா" என்று வார்த்தை வார்த்தையாகப் பிரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் அந்த இடம் இன்னும் துல்லியமாகப் பிடிபடும்.

எங்கள் பெரியப்பா சவூதியின் தம்மாமிலிருந்து பேசி அனுப்பிய கேசட் ஒன்றை வீட்டில் எல்லாரும் கெட்டுப்போனது என்றே வைத்திருந்தார்கள், இந்தத் திருகைத் திருப்பியதும் பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேறு வேறு மெஷினில் பதிந்தவை என்பதால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதை மறுபடி செய்ய வேண்டும், சைடு ஏ ஒரு வீட்டிலும் சைடு பி இன்னொரு நாட்டிலும் பதிந்ததாக இருந்தால் சைடுக்கு ஒருமுறை. காசு கொடுத்து வெளியே மாற்றித் தரச் சொல்பவர்களும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு, சரி செய்வீர்களா?" அவர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருவது

டெக் என்றால் பின்னால் உள்ள லைன் அவுட்டிலிருந்து, வாக்மேன் என்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வயர் எடுக்கலாம். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் சேர்த்து உள்ளது, அதில் சொருகினால் ஒன்றுமே பதியாமல் போகலாம், பதிந்தாலும் ஒலி பிளந்து, ஒரு சேனலாகத்தான் வரும். லைன் இன் வசதி உள்ள, ஸ்டீரியோவாக உள்வாங்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது 'லைன் இன்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மைக் மட்டும் உள்ள குட்டி டாங்கிள் வேண்டாம்.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பழைய ஒலிநாடாக்களை மாற்றுவதற்குக் குறைந்தபட்சம் என்று சொல்லும் அளவும் அதுதான். விண்டோஸில் மைக்குக்கான 'என்ஹான்ஸ்மென்ட்' எதுவும் ஓடினால் அணைத்துவிடுங்கள், அது பேச்சு இல்லாத இடங்களை எல்லாம் தானாக வெட்டிவிடும். வாட்ஸ்அப் டிங்கென்று அடிக்காமல் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பி பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள், வீட்டு டேப் ரெக்கார்டர்களில் பொதுவாக அது இருக்காது.

ஒலி அளவு, அதிகச் சத்தமாக யாராவது சிரிக்கும் இடத்தில்கூட மைனஸ் 6 டெசிபெல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சின்னதாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், பூஜ்யத்தை முட்டிப் பிளந்ததை மீட்க வழியே இல்லை. அப்புறம் ரெக்கார்டை அழுத்தி, கேசட்டை பிளே செய்து, சைடு முடியும் வரை உட்கார வேண்டியதுதான், சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நடுவில் நிசப்தமாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள், பத்து நிமிஷ வெறுமைக்குப் பிறகு மறுபடி யாராவது பேசுவார்கள்.

முதலில் வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். இந்தத் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி வரும், இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது ஒன்றுமே இல்லை. எம்பி3 பிரதி எடுப்பது குடும்பத்தில் பகிர மட்டும்.

கம்ப்யூட்டரே இல்லை, மெஷின் இரவல், நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால்? அமைதியான அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி ஃபோனை வைத்து அதன் ரெக்கார்டரில் பதியுங்கள். தரம் குறைவுதான், ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

குரல் கீச்சென்று வருகிறதா

பேட்டரியில் பதிந்த கேசட்டுகளில் இது அடிக்கடி வரும். பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும், இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் அவசரமாக, சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்கும். ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' கொண்டு குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்பதற்கு நல்ல தடயம், பின்னணியில் ரேடியோவில் ஏதாவது சினிமாப் பாட்டு ஓடினால் அதே பாட்டை இப்போது ஃபோனில் போட்டுச் சுருதியை ஒப்பிடுவது.

கரண்டில் பதிந்ததாக இருந்தால் இன்னொரு தடயம் உண்டு. மெலிதாக ஒரு உறுமல் கேட்கும், அது மின்சாரத்தின் உறுமல். இந்தியாவிலும் இலங்கையிலும் அது 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' அதை 52-இல் காட்டினால் டேப் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், 0.96 மடங்காகக் குறைத்தால் சரியாகிவிடும். துபாய், குவைத், கத்தார் எல்லாம் நம்மைப் போலவே 50, ஆனால் சவூதியில் 60 ஹெர்ட்ஸ், அங்கிருந்து வந்த கேசட்டில் 60-ஐத்தான் தேட வேண்டும். டேப்பை நிறுத்திய பிறகும் அந்த உறுமல் கேட்டால் அது உங்கள் வீட்டு வயரிங்கிலிருந்து வருவது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரைச்சல் நீக்கும் வேலையில் கை கட்டுப்பாடு வேண்டும். பேச்சே இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' 6 டெசிபெல் அளவுக்குப் போட்டால் போதும், அதற்குமேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அதையும் பிரதியில் மட்டும் செய்யுங்கள், மூல வேவ் கோப்பைத் தொட வேண்டாம். சேவல் கூவுவது, தூரத்தில் பஸ் ஹாரன், கோயில் மணி, குக்கர் விசில் எல்லாம் சத்தம்தான் என்று கணினி நினைக்கும், நாம் அப்படி நினைக்கக் கூடாது. அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்

முதலில் சொல்லாமல் விட்ட அந்த அவசரக் காரணம் இதுதான். கேசட்டில் ஏழெட்டுப் பேர் பேசுவார்கள், யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். டேப் இன்னும் பத்து வருஷம் தாங்கலாம், அவர்களின் ஞாபகம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேகம் சரி செய்வது, இரைச்சல் எடுப்பது எல்லாம் அப்புறம் ஆகட்டும், பதிந்து முடித்த உடனேயே அம்மாவையோ அத்தையையோ சித்தப்பாவையோ உட்கார வைத்து ஓட விடுங்கள். பக்கத்தில் உங்கள் ஃபோனில் அவர்கள் பேசுவதையும் பதியுங்கள். "இது நம்ம கோமதி அக்கா, அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகலை" என்று ஒரு வரி வரும், அந்த வரி எந்த மென்பொருளாலும் கிடைக்காது. எத்தனையாவது நிமிஷத்தில் யார் பேசுகிறார், எந்த வருஷம் இருக்கும், எந்த வீடு என்று ஒரு நோட்டில் எழுதி, அதைக் கோப்போடு சேர்த்தே தட்டச்சு செய்து வையுங்கள். வருஷம் தெரியவில்லை என்றால் பேச்சிலேயே கிடைக்கும்: யாருக்குப் பிரசவம், எந்தப் படம் ரிலீஸ், எந்தத் தேர்தல், எந்தப் புயல்.

ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். இவை கடிதங்கள். கடன், சண்டை, மருமகளைப் பற்றிய புகார், கணவன் மனைவிக்கு மட்டுமான பேச்சு எல்லாம் உள்ளே இருக்கும். பேசியவரோ அவருடைய பிள்ளைகளோ இருக்கிறார்கள் என்றால் அவர்களைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முழுசாகப் போடாதீர்கள். இறந்துபோன ஒருவரின் குரலை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் மனைவியின் ஃபோனுக்கு அனுப்புவதும் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டுங்கள்.

ஊர்க் கூத்து, வில்லுப்பாட்டு, ஒப்பாரி, திருவிழா நாதஸ்வரம், இப்போது யாரும் பாடாத நடவுப் பாட்டு மாதிரி ஏதாவது கேசட்டில் இருந்தால் அது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. இலங்கைத் தமிழர் சார்ந்தது என்றால் 'நூலகம்' இணையத்தளத்தை நடத்தும் நூலக நிறுவனத்தைத் (Noolaham Foundation) தொடர்பு கொள்ளலாம், நூல்களோடு பல்லூடக ஆவணங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். இந்திய இசை, வாய்மொழி மரபுகளுக்கு அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் தொடங்கிய இசை இனவரைவியல் ஆவணக் காப்பகம் குருகிராமில் இயங்குகிறது.

எங்கே வைப்பது

மூன்று பிரதி: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ கூகுள் டிரைவிலோ. கூகுளில் வைத்தால் அந்தக் கணக்கை அடிக்கடி திறந்து பயன்படுத்துங்கள், இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் விதி கொண்டு வந்துவிட்டார்கள். சிடியில் எழுதி வைப்பதை நம்ப வேண்டாம், நாம் வீட்டில் எரித்த சிடிகளில் பலவும் கேசட்டுக்கு முன்பே படிக்க முடியாமல் போய்க்கொண்டு இருக்கின்றன. கோப்பின் பெயரில் வருஷத்தை முன்னால் போடுங்கள், பிறகு பேசியவர், ஊர், சைடு, அப்போது தானாகவே கால வரிசையில் நிற்கும். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முழுசாக ரீவைண்ட் செய்து, உறையில் போட்டு, செங்குத்தாக நிற்க வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். பத்து வருஷம் கழித்து இன்னும் நல்ல மெஷின் கையில் கிடைத்தால் மறுபடி எடுக்கலாம்.

கேசட் வேலை முடிந்ததும் அதே கையோடு உங்கள் ஃபோனையும் பாருங்கள், ஏனென்றால் இன்றைக்கு அம்மா அனுப்பும் வாய்ஸ் நோட்தான் அன்றைய கேசட், அதுவும் ஃபோன் மாற்றும்போது சத்தமில்லாமல் போய்விடுகிறது. ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, com.whatsapp, வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே போனால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் வாரத்துக்கு ஒரு ஃபோல்டராக ஓபஸ் கோப்புகள். அவற்றின் பெயரில் தேதி இருக்குமே தவிர யார் பேசியது என்று இருக்காது. அதனால் வேண்டியவற்றைச் சாட்டிலேயே அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து டிரைவுக்கோ ஃபைல்ஸுக்கோ அனுப்பி, அங்கேயே பேசியவரின் பெயரையும் தேதியையும் போட்டு வைத்துவிடுங்கள். மாசத்துக்கு ஒருமுறை செய்தால் கால் மணி நேர வேலைதான்.